வீட்டுக்குள் வைக்கும் மரக்கன்றுகள்: நிழலில் பழக்காமல் விற்காதீர்கள்

நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருக, வீட்டுக்குள் வைக்கும் தொட்டிச் செடிகளுக்குக் கிராக்கி கூடி வருகிறது. முன்பு ரோஜாவும் குரோட்டன்சும் வாங்கியவர்கள் இப்போது கூடத்தின் மூலையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் மரக்கன்றாகக் கேட்கிறார்கள். அலுவலகங்களும் ஓட்டல்களும் இத்தகைய செடிகளை மாத வாடகைக்குக்கூட எடுக்கின்றன. நகரத்துக்கு அருகே பத்து சென்ட் நிலம், கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் தென்னை நிழல் உள்ள சிறு விவசாயிக்கு இது நல்ல உபதொழில். பெரிய முதல் வேண்டாம். தாய்ச் செடி இரண்டு மூன்று இருந்தால் போதும்.

ஆனால் இதில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி 200 பெஞ்சமின் ஆல் கன்றுகளை வெட்டவெளியில் நல்ல வெயிலில் வளர்த்தார். கன்றுகள் கரும்பச்சையாக, அடர்ந்த தழையுடன் பார்க்க அருமையாக இருந்தன. நகரத்து வியாபாரி ஒருவர் பாதிப் பணம் கொடுத்து எடுத்துப் போனார். குளிர்சாதன வசதி செய்த ஓர் அலுவலகத்தில் அவற்றை வரிசையாக வைத்தார்கள். மூன்று வாரத்தில் இலை முழுவதும் கொட்டிக் குச்சியாக நின்றன. மீதிப் பணம் வரவில்லை. அந்த வியாபாரியும் பிறகு வரவில்லை. "கன்றில் நோய் இருந்தது" என்று சொல்லிவிட்டார். உண்மையில் நோய் எதுவும் இல்லை. வெயிலில் வளர்ந்த கன்றை ஒரே நாளில் இருட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததுதான் குற்றம்.

எந்த மரம் வீட்டுக்குள் நிற்கும்?

எல்லா மரமும் வீட்டுக்குள் வாழாது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. அந்த மரம் காட்டில் சின்னஞ்சிறு கன்றாக இருக்கும்போது எந்த இடத்தில் வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

பனைமரத்தின் மட்டை இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பறவையின் எச்சத்தில் விழுந்த விதை அது. அங்கே மண் கிடையாது. கொஞ்சம் மக்கிய குப்பை, மழை பெய்தால் ஈரம், மற்ற நேரம் காய்ச்சல். அப்படியிருந்தும் கன்று பிழைத்துக்கொள்கிறது. ஆல் இனத்தைச் சேர்ந்த பல மரங்கள் அடர்ந்த காடுகளிலும் இப்படியே பெரிய மரங்களின் கவட்டையில், மேல் மரத்தின் நிழலில் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. ஆகவே அவை நிழலைத் தாங்கும். தண்ணீர் சில நாள் தவறினாலும் தாங்கும். ஆனால் வேரில் எப்போதும் காற்றோட்டம் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். வீட்டுச் செடியாக இவை வெற்றி பெறுவதற்கும், பலருடைய வீட்டில் செத்துப் போவதற்கும் இந்த ஒரே குணம்தான் காரணம்.

வேம்பு, பூவரசு, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை வெயில் மரங்கள். இவற்றைக் கூடத்தில் வைத்தால் கொடி போல இளைத்துச் சாயும். எலுமிச்சைக் கன்றை வீட்டுக்குள் வைக்கக் கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது மொட்டை மாடிக்கு உரியது, உள்ளே காய்க்காது என்று சொல்லியே விற்க வேண்டும்.

ரப்பர் செடி

புதிதாகத் தொடங்குபவருக்கு முதலில் சிபாரிசு செய்யத்தக்கது ரப்பர் செடி. கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் எடுக்கும் ரப்பர் மரம் வேறு. அது பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. நாம் சொல்வது ஆல் இனத்தைச் சேர்ந்த, தடித்துப் பளபளக்கும் பெரிய இலைகளைக் கொண்ட மரம். அஸ்ஸாம், மேகாலயா, பர்மா, மலேசியா பக்கத்துக் காடுகள் இதன் சொந்த ஊர். மேகாலயாவில் காசி மலைவாசிகள் ஓடைகளின் மேல் வேர்களைப் பின்னிப் பாலமாக வளர்க்கிறார்களே, அது இந்த மரம்தான். பிரேசில் ரப்பர் பரவும் முன்பு இதிலிருந்தும் ரப்பர் எடுத்தார்கள். காட்டில் நூறடி வளரும் இம்மரம், தொட்டியில் ஆறடிக்குள் அடங்கிப் பல வருஷம் இருக்கும்.

பச்சை இலை, கருஞ்சிவப்பு இலை, வெள்ளை விளிம்பிட்ட இலை என்று வகைகள் உண்டு. கருஞ்சிவப்புக்குத் தற்போது கிராக்கி அதிகம். வெள்ளை கலந்த இலையில் பச்சையம் குறைவு. ஆதலால் அதற்குச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

பெஞ்சமின் ஆல் சிறிய இலையுடன் அழகாகத் தொங்கும். ஆனால் இடம் மாற்றினாலே இலை கொட்டும் குணம் அதற்கு உண்டு. பிடில் இலை அத்தி மேற்கு ஆப்பிரிக்க மரம். நல்ல விலை போகும், ஆனால் தவறான பராமரிப்பைப் பொறுக்காது. தைவானைச் சேர்ந்த குடைச் செடி எனப்படும் ஷெஃப்ளீரா மிகவும் சாது; அதிகம் தவறு செய்பவர் வீட்டிலும் பிழைக்கும். ஆப்பிரிக்கக் காட்டு நிழலில் வளரும் டிரசீனாவும் அப்படியே. அரிக்கா பனை என்று விற்பது நம் பாக்கு மரமல்ல. மடகாஸ்கர் தீவின் பனை. விதை புதிதாக இருந்தால்தான் முளைக்கும். பழைய விதையை வாங்கி ஏமாற வேண்டாம். கிறிஸ்துமஸ் மரம் என்று கேட்டு வாங்கும் நார்போக் தீவு மரத்தைச் சமவெளி விவசாயிகள் தொடாமலிருப்பது நலம். ஏற்காடு, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் அது நன்றாக வரும். அதன் பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர்பிடித்தாலும் நிமிர்ந்து வளராமல் பக்கவாட்டிலேயே படர்ந்து போகும்.

பதியன் போடும் முறை

ரப்பர் செடியின் இலையைக் காம்புடன் கிள்ளித் தண்ணீரில் போட்டால் வேர் விடும். சந்தோஷப்பட்டு மண்ணில் நட்டால் வருஷக்கணக்கில் அந்த ஓர் இலை மட்டும் நிற்கும், மரமாகாது. கணுவில் உள்ள மொட்டு இல்லாமல் தளிர் வராது. ஆகவே ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் சேர்ந்த தண்டுத் துண்டாக வெட்டி நடலாம். இலை பெரிதாக இருப்பதால் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுக் குச்சியில் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இம்முறையில் ஒரு கிளையிலிருந்தே ஏழெட்டுக் கன்று கிடைக்கும். ஆனால் விற்கும் அளவுக்கு வளர நாள் பிடிக்கும்.

சீக்கிரம் பணம் பார்க்க விண்பதியமே சிறந்தது. ஆடி முதல் ஐப்பசி வரை காற்றில் ஈரம் உள்ள மாதங்களில் செய்யலாம். கட்டைவிரல் பருமனுக்குக் குறைவான, நேராக வளரும் கிளையைத் தேர்ந்தெடுத்து, நுனியிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை அடி கீழே இரண்டு மூன்று இலைகளை அகற்றவும். அந்த இடத்தில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழுவழுப்பான பசையைக் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். இதைச் சரியாகச் சுரண்டாவிட்டால் பட்டை மீண்டும் கூடிக்கொள்ளும்; வேர் வராது. வெட்டியவுடன் வெள்ளைப் பால் வடியும். ஈரத் துணியால் துடைத்து, பால் நின்ற பிறகு மேல் வேலையைத் தொடங்கவும். பால் கண்ணில் படக்கூடாது. சிலருக்குத் தோலிலும் அரிக்கும். குழந்தைகளை அருகில் விடவேண்டாம்.

நனைத்துப் பிழிந்த பாசியையோ, உப்புப் போகக் கழுவிய தென்னைநார்க் கழிவையோ ஒரு கைப்பிடி அளவு வைத்து, வெட்டுவாய் முழுவதும் மூடும்படி பாலிதீன் தாளைச் சுற்றி மேலும் கீழும் இறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளே தண்ணீர் சொட்டும் அளவுக்கு ஈரம் இருந்தால் அழுகிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாள் வழியே வேர் தெரியும். கொஞ்சம் வேரைக் கண்டதும் அவசரப்பட்டு வெட்டாமல், பந்து முழுவதும் வேர் ஓடிய பின் கீழே வெட்டித் தொட்டியில் வைத்து, இரண்டு வாரம் ஆழ்ந்த நிழலில் வைக்கவும். வெட்டிய தாய்க் கிளை கீழே இரண்டு மூன்று தளிராகப் பிரியும். அடுத்த வருஷம் அவற்றிலும் பதியன் போடலாம்.

தாய்ச் செடியை நிலத்தில் நடுவதானால் கிணற்றுக்கும் வீட்டுச் சுவருக்கும் நன்றாகத் தள்ளி நடவும். ஆலின் தம்பி அது. வேர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

மண் கலவை

நாற்றங்காலுக்கு வழக்கமாகச் சொல்வது செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. வெளியே வைக்கும் செடிக்கு இது சரி. வீட்டுக்குள் போகும் கன்றுக்கு இக்கலவை சற்றுக் கனம். செம்மண்ணில் பாதியைக் குறைத்து அதற்குப் பதில் கழுவிய தென்னைநார்க் கழிவு சேர்த்தால் காற்றோட்டம் கிடைக்கும். தொட்டியின் எடையும் குறையும். மாடிக்குத் தூக்குபவர் வாழ்த்துவார். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் பயன்படுத்தினால் சலித்துத் தூசியை அகற்ற வேண்டும். தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது. தொட்டியின் அடியில் ஜல்லியை அரை அடிக்குக் கொட்டும் பழக்கம் சிலரிடம் உள்ளது. இதனால் பயனில்லை, ஈரம் ஜல்லிக்கு மேலேயே தங்கி வேருக்குக் கிடைக்கும் நல்ல இடம்தான் குறைகிறது. துவாரத்தின் மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும்.

நிழலில் பழக்குதல்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உச்சி வெயிலில் திறந்த வெளியில் உள்ள வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். வீட்டுக் கூடத்தின் நடுவே அது சில நூறு லக்ஸ்தான். நம் கண் உடனே சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. செடிக்குத் தெரியும். வெயிலில் வளரும் செடி தடித்த, சிறிய இலைகளை விடுகிறது. நிழலில் வளரும் அதே செடி மெல்லிய, அகன்ற இலைகளை விடுகிறது. அந்த இலை சொற்ப வெளிச்சத்திலும் தன் சாப்பாட்டைச் சம்பாதித்துவிடும். வெயில் இலை உள்ளே போனால் சம்பாதிப்பதைவிடச் செலவழிப்பது அதிகமாகிறது. செடி அந்த இலையை உதிர்த்துவிடுகிறது.

1970-களில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அபாப்கா ஆராய்ச்சி நிலையத்தில் கானோவர், பூல் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். நிழலில் வளர்த்த பெஞ்சமின் ஆல், வெயிலில் வளர்த்ததைவிட வீட்டுக்குள் மிகக் குறைவாகவே இலை உதிர்த்தது. உரத்தை அதிகம் தின்ற கன்று உள்ளே போனதும் அதிகம் கஷ்டப்பட்டது என்பதும் அவர்கள் கண்டது. அதன்பின் அங்கே நாற்றுப் பண்ணைகள் நிழலில் பழக்கி விற்கும் முறைக்கு மாறின.

நாமும் அதையே செய்யலாம். கன்று வேர்பிடித்து வளரும் காலத்தில் 50 சதவீத நிழல்வலையின் கீழ் வைக்கவும். விற்பதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பாக 75 சதவீத நிழலுக்கு மாற்றவும். அந்த வாரங்களில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உரத்தை அடியோடு நிறுத்தவும். வளர்ச்சி மட்டுப்படும், கன்று சற்று வெளிறும். கவலை வேண்டாம். இந்த இரண்டு மாதத்தை வீண் என்று நினைத்து, கேட்டவுடன் கொடுத்துவிடும் அவசரம்தான் மேலே சொன்ன விவசாயிக்கு நஷ்டம் தேடித் தந்தது. பழக்கிய கன்றுக்கு வியாபாரியிடம் கொஞ்சம் கூடுதலாகவே விலை கேட்கலாம்; ஏன் என்று காரணமும் சொல்லவும். நிழல்வலைக் குடிலுக்கு மானியம் கிடைக்குமா என்பதை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் செலவு செய்வது நலம்.

வலை வாங்க வசதியில்லாதவர்கள் தென்னந்தோப்பு நிழலைப் பயன்படுத்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ பல மாவட்டங்களில் தென்னையைப் பிடித்துள்ளது. அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழே உள்ள கன்றுகளின் இலையில் சொட்டும். அதன்மேல் கரும்பூசணம் படரும். இலை அழகுக்காகவே விற்கும் செடியில் இது பெரிய நஷ்டம். தோப்பில் ஈ இருந்தால் கன்றை அங்கே வைக்கவேண்டாம். பட்டுவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவு வீதம் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்த கஞ்சியைத் தெளித்தால், காய்ந்து உரியும்போது கரியும் சேர்ந்து உதிரும். மாவுப்பூச்சி, செதில்பூச்சி தென்பட்டால் ஆரம்பத்தில் ஈரத் துணியால் துடைப்பதே போதுமானது. மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்பும் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளிக்கவும்.

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவை

கன்று நம் கையை விட்டுப் போனதும் வேலை முடிந்தது என்று இருக்கக்கூடாது. அது உயிரோடு இருந்தால்தான் அடுத்த கன்றுக்கு ஆள் வரும். நான்கு வரியில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பது நல்லது.

முதலாவது இடம். பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற இடமா என்று பார்க்கச் சொல்லவும். முடியாத இடத்தில் ரப்பர் செடியும் வாழாது. கிழக்குச் சன்னலுக்கு இரண்டு மூன்றடிக்குள் வைப்பது மிக உத்தமம். குளிர்சாதனக் காற்று நேராகப் படக்கூடாது. ஓர் இடத்தில் வைத்தபின் அழகுக்காக வாரம் ஒரு மூலைக்கு மாற்றவும் கூடாது. முதல் மாதத்தில் ஐந்தாறு இலை உதிர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. அந்தச் சமயத்தில் பயந்துபோய் உரம் வைப்பதும் தண்ணீரை ஊற்றுவதும்தான் செடியைக் கொல்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் "தினமும் ஒரு டம்ளர்" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. இது தவறு. வீட்டுக்குள் வெயில் இல்லை. தொட்டி காய நாளாகும். விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே, அடித் துவாரம் வழியே வடியும் வரை ஊற்ற வேண்டும். கோடையில் வாரம் இருமுறை தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாளுக்கு ஒருமுறைகூடப் போதுமானதாக இருக்கும். இலை வாடினால் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டவேண்டாம். வேர் அழுகினாலும் இலை வாடும். விரல்தான் சாட்சி. தட்டில் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேருக்கும் கேடு, டெங்கு கொசுவுக்கும் அது தொட்டில்.

உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் மண்ணின் மேல் வெள்ளை படியும். அரிக்கா பனையின் இலைநுனி கருகும். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் பலர். அதில் உப்பு இன்னும் அதிகம். மழைநீர் பிடித்து ஊற்றுவதே நல்லது. முடியாதவர்கள் மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் நிறைய ஊற்றி உப்பை வடித்துவிடலாம். அப்போதே இலையையும் துடைத்துவிட்டால் தூசி போய் வெளிச்சம் நன்றாக ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் தாராளம்.

வியாபாரத்துக்காக இல்லாததைச் சொல்லவேண்டாம். இந்தச் செடிகள் அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று எங்கும் பேசப்படுகிறது. 1989-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து வந்த பேச்சு இது. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று இத்தகைய சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. சன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனைப் பெற ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று அதில் தெரிந்தது. பச்சையைப் பார்த்தால் மனதுக்கு இதமாக இருக்கிறது என்பதற்காகவே மக்கள் வாங்குகிறார்கள், அது போதும்.

பால் வடியும் மரத்தை வீட்டில் வைக்கலாமா என்று தயங்குபவர்களும் வருவார்கள். அவர்களுடன் வாதாட வேண்டாம். ஷெஃப்ளீராவையோ டிரசீனாவையோ காட்டவும். இரண்டிலும் பால் கிடையாது.

முதல் வருஷம் ஐம்பது கன்றுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இரண்டு ரப்பர் தாய்ச் செடி, ஒரு ஷெஃப்ளீரா வாங்கி ஆனி மாதத்தில் நட்டு, அடுத்த ஆடியில் பதியனைத் தொடங்கலாம். பதியன் இறக்கிய கன்றுகளில் இரண்டை உங்கள் வீட்டு ரேழியிலேயே வைத்து வளர்த்துப் பாருங்கள். வாங்குபவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.